மன்னிப்பும் மதிலும்: திருச்சபைகளின் ஒப்புரவு பற்றிச் சில கேள்விகள்

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கான தலைப்பைச் சொன்னதும் மன்றத்துத் தோழர் ஒருவர் கேட்டார்: "வலங்கைமானில் உட்கார்ந்துகொண்டு கனடாவைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதிலிருந்தே தொடங்குகிறோம்.

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், தன் தாயை அடக்கம் செய்த நாளைப் பற்றி நம்மில் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெயரை அவர் பொதுவில் சொன்னதில்லை, நாமும் சொல்லப்போவதில்லை. பூசை எல்லோருக்கும் பொதுவான கோவிலில்தான் நடந்தது. சாமியாரும் ஒரே சாமியார்தான். கோவிலை விட்டு வெளியே வந்ததும் பிணம் இடதுபக்கம் திரும்பியது. வலதுபக்கம் தார்ச்சாலை, கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு நேராகப் போவது. இடதுபக்கம் வாய்க்கால் வரப்பு. ஐப்பசி மழையில் முழங்கால் சேற்றில் தூக்கிப் போனார்கள். பல வருடம் கழித்து அதே பங்கின் விழா மேடையில், கடந்த காலத் தவறுகளுக்காகத் திருச்சபை வருந்துகிறது என்று ஒருவர் உருக்கமாகப் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு தோழர் போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாதையை எப்போ மாத்துவீங்க, சாமி?"

பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் அவர் மறைந்தார்.

பங்குனியில் நம் ஊர் மாரியம்மன் கோவிலுக்கு, நோயிலிருந்து பிழைத்தவர்கள் உயிரோடு பாடையில் படுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாடை எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்குமே சின்ன விஷயம் அல்ல. தோழர் கேட்டதும் சின்ன விஷயம் அல்ல. மன்னிப்புக் கேட்டவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. அதே கேள்வியை நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் நாட்டுத் திருச்சபைகளிடம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கனடாவின் பூர்வகுடி மக்கள். அவர்களுக்குக் கிடைத்த அனுபவம் நமக்குத் தேவைப்படுகிறது. அதனால்தான் கனடா.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். பகைத்து நின்ற இரு தரப்பார் மீண்டும் இணங்குவதைக் கிறிஸ்தவத் தமிழ் 'ஒப்புரவு' என்கிறது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவந்ததற்கு இன்றைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். வள்ளுவரிடம் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தில் மனத்தாங்கல் தீர்ப்பது பற்றி எதுவும் கிடையாது. இருப்பவன் ஊருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதே பேச்சு. அதை விடுங்கள், திருச்சபை தன் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து வேண்டும்: தன்னைச் சோதித்தல், மனம் வருந்துதல், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதியெடுத்தல், வாயால் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆக, பரிகாரம் இல்லாத மன்னிப்பு செல்லாது என்பதை நாம் கண்டுபிடிக்கவில்லை. அது அவர்களுடைய சட்டம். அந்த அளவுகோலை வைத்தே அவர்களை அளக்கலாம்.

இனி கனடா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை அங்கே உறைவிடப் பள்ளிகள் இயங்கின. அரசு பணம் கொடுத்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள் நடத்தின. பூர்வகுடிப் பிள்ளைகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது. உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறை பரவலாக இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. உயிர் பிழைத்தவர்கள் தொடுத்த வழக்குகளின் நெருக்கடியில் 2006இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, அதன்படி உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அமைந்தது. பூர்வகுடியில் பிறந்த நீதிபதி மரே சின்க்ளேர் அதற்குத் தலைவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சாட்சியம் கேட்டு, 2015இல் 94 செயல் கோரிக்கைகளை ஆணையம் முன்வைத்தது.

திருச்சபைகளின் மன்னிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1986இல் சட்பரி என்ற ஊரில் கூடிய ஐக்கியத் திருச்சபையின் பொதுப்பேரவை, பூர்வகுடி மக்களின் ஆன்மிகத்தை மதிக்காமல் தங்கள் பண்பாட்டை நற்செய்தி என்று திணித்ததற்காக மன்னிப்புக் கேட்டது. மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1988இல், பூர்வகுடித் திருச்சபையினர் பதில் தந்தார்கள். மன்னிப்பைக் கேட்டுக்கொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. மன்னிப்பின் நினைவாக எழுப்பிய கற்குவியல் முழுமையாக்கப்படாமலே விடப்பட்டது, வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக.

இது நமக்குப் புதிது. நம் பக்கத்தில் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் பாதிக்கப்பட்டவன் உடனே கைகூப்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கவில்லையென்றால் அவன்தான் பகையை வளர்ப்பவன். "அவங்கதான் இறங்கி வந்துட்டாங்களே, இன்னும் என்ன?" என்று நம் சொந்தக்காரர்களே கேட்பார்கள். கேட்ட மன்னிப்பை நிறுத்திவைக்கும் உரிமை கேட்கப்பட்டவருக்கு உண்டு என்பதை அந்த மக்கள் நிலைநாட்டினார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதை இன்னும் பாடம் தருவது. 2006 உடன்படிக்கையில், பாதிக்கப்பட்டோர் நலனுக்காக இரண்டரைக் கோடி கனடிய டாலர் திரட்ட 'இயன்றவரை முயல்வோம்' என்று கத்தோலிக்க அமைப்புகள் எழுதிக்கொடுத்தன. திரண்டது நாற்பது லட்சத்துக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றம் அந்தக் கடமையிலிருந்தே அவர்களை விடுவித்துவிட்டது. 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கோடிக்கும் மேல் காணாமல் போயிற்று. 2021 மே மாதம் கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில், ரேடார் ஆய்வில் சுமார் 200 குழிகளுக்கான அறிகுறிகள் தெரிந்ததாகச் செய்தி வந்து உலகமே திரும்பிப் பார்த்த பிறகுதான், ஆயர்கள் ஐந்தாண்டில் மூன்று கோடி டாலர் தருவதாக மீண்டும் உறுதி சொன்னார்கள். 2022 ஜூலை 25 அன்று போப் பிரான்சிஸ் மாஸ்க்வாசிஸ் என்ற ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். முதியவர்கள் பலர் அழுதார்கள்; அந்தக் கண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சின்க்ளேர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்: போப் மன்னிப்புக் கேட்டது கிறிஸ்தவர்கள் பலர் செய்த தீமைக்காக, திருச்சபை ஒரு நிறுவனமாகச் செய்ததற்கு அதில் பொறுப்பேற்பு இல்லை.

தனிமனிதர் சிலர் தவறு செய்தார்கள், நிறுவனம் புனிதமானது: இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் போப்புகள் வெளியிட்ட ஆணைகள், கிறிஸ்தவர் அல்லாதார் நாடுகளைப் பிடித்துக்கொள்ள ஐரோப்பிய அரசர்களுக்கு உரிமை வழங்கின. அவற்றின்மேல் எழுந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திகான் 2023 மார்ச் 30 அன்று மறுதலித்தது. பூர்வகுடிகள் நெடுங்காலம் கேட்டுவந்தது அது. அந்த ஆணைகளில் ஒன்று 1455இல் போர்ச்சுகல் அரசருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வரிசையில் வந்த உரிமையைக் கொண்டுதான் போர்ச்சுகல் அரசர் இந்தியாவில் ஆயர்களை நியமித்தார். 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானதும் அந்த ஏற்பாட்டின்கீழ்தான். கனடாவின் கதையும் நம் கதையும் ஒரே காகிதக் கட்டிலிருந்து கிளம்பியவை.

கிளம்பிய பிறகு பாதை பிரிந்தது. அங்கே திருச்சபை பூர்வகுடியின் பண்பாட்டை அழிக்க முயன்றது. இங்கே வந்த திருச்சபை நாட்டின் வழக்கத்தோடு ஒத்துப்போனது. ஆனால் அது ஒத்துப்போனது யாருடைய வழக்கத்தோடு? அதைப் புரிந்துகொள்ள நம் டெல்டாவிலேயே ஒரு மனிதர் இருக்கிறார்.

ராஜநாயக்கன். 1700இல் பிறந்தவர், பறையர். தஞ்சாவூர் அரசரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான வேதபுத்தகத்தைப் படித்து, கத்தோலிக்கத்திலிருந்து லுத்தரன் மிஷனுக்கு வந்தார். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நாற்பது ஆண்டுக்கு மேல் ஊர் ஊராக நடந்தார். அவரால் சபைகள் உண்டாயின. 1733இல் தரங்கம்பாடி மிஷன் முதல் தமிழ்க் குருவுக்குப் பட்டம் கொடுத்தது. பெற்றவர் வெள்ளாளரான ஆரோன். 1741இல் அடுத்த பட்டம் தியோகு என்பவருக்கு. ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. தகுதி பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பறையர் கையால் கொடுக்கும் நற்கருணையை உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் மதிக்கமாட்டார்கள் என்பதே தயக்கம். மிஷனரிகள் இதை மறைக்கவும் இல்லை, எழுதியே வைத்தார்கள். 1771இல் ராஜநாயக்கன் உபதேசியாராகவே இறந்தார்.

இதில் குற்றவாளி யார்? தீண்டாமையை ஜெர்மனிக்காரர்கள் கொண்டுவரவில்லை. ஆனால் கிண்ணத்தை யார் கையில் கொடுப்பது என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது. அந்த முடிவை வெள்ளாளரின் அருவருப்பை அளவாக வைத்து எடுத்தார்கள். கனடாவில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பது வெளிப்படை. இங்கே பழி சுற்றிச் சுற்றிப் போகும்: மிஷனரி உள்ளூர் வழக்கத்தைக் காட்டுவார், உள்ளூர் உயர்சாதிக் கிறிஸ்தவர் இந்து சமூகத்தைக் காட்டுவார், இன்றைய ஆயர் மிஷனரியைக் காட்டுவார். சமூகவியல் படித்த நாம் இதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். சேரியில் இதைத் தட்டிக்கழிப்பது என்பார்கள்.

தஞ்சாவூர்ச் சபையில் ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் பறையர் என்று உட்கார்ந்து வந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதியினர் திரளாகச் சபையை விட்டு வெளியேறினர். சரபோஜி மன்னரின் அவையில் இருந்த பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கத்தைத் தொடக்கூடாது என்ற தரப்பின் குரலாக நின்றவர். அவருடைய பாட்டுகளை இன்றும் தலித் சபைகளில் உருகிப் பாடுகிறோம். பாடக்கூடாது என்று சொல்லவில்லை. பாடும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும். வில்சனை எதிர்த்தவர்களுக்குப் பின்னாளில் வேறு இடமும் கிடைத்தது: சாதி விஷயத்தில் தளர்வாக நடந்துகொண்ட லைப்சிக் மிஷன் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு சபை கதவைச் சாத்தினால் அடுத்த சபை ஜன்னலைத் திறக்கும்.

கத்தோலிக்கத் தரப்பிலும் அதே கதைதான், இன்னும் நீண்டது. மதுரையில் நோபிலி தொடங்கிய முறையின் தொடர்ச்சியாக உயர்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், தாழ்த்தப்பட்டவருக்கு ஒரு வகைச் சாமியார் என்று பிரிந்தது. பறையருக்கென்று தனி மிஷனரிகள் என்ற ஏற்பாட்டுக்கு 1744இல் ரோமாபுரியே இடம் கொடுத்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகக் கோவிலையே கால்சட்டை வடிவில் 1870களில் கட்டினார்கள். உள்ளிருந்த தடுப்பு 1910 வாக்கில்தான் இடிந்தது.

1982இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை திருச்சியில் கூடி, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று திட்டவட்டமாக அறிவித்தது. அதே திருச்சியின் மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கத்தோலிக்கரையும் மற்றவரையும் பிரிக்கும் மதில் நின்றுகொண்டிருந்தது. அறிவிப்புக்குப் பிறகும் நின்றது. இடிக்கப் போன தோழர்கள் கைதானார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே சாதி உணர்வின் சாயல்கூட இருக்கக்கூடாது என்றார். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்கள் கோவிலைத் தனிப் பங்காக்கச் சொன்ன தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே பங்கின் வன்னியக் கிறிஸ்தவர்கள். காவல்துறை சுட்டதில் அந்தத் தரப்பில் இருவர் இறந்தார்கள். அந்த உயிர்களும் சாதிக்குத்தான் பலியாயின. 2016 டிசம்பரில் ஆயர்கள் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்றே ஓர் ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் சுமார் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அதோடு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு நாம். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானபோது, அவர்தான் முதல் தலித் கர்தினால்.

ஐந்து படிகளை நினைவுபடுத்திப் பாருங்கள். சோதனை நடந்தது, வருத்தம் சொல்லியாயிற்று, உறுதிமொழி இருக்கிறது, அறிக்கையும் அச்சாகிவிட்டது. ஐந்தாவதில் எல்லாம் நின்றுபோகிறது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம், நமக்குப் பக்கத்துக் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்கேயுள்ள தலித் கத்தோலிக்கர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025இல் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கேட்பது தேர்ப்பவனி தங்கள் தெருவுக்கும் வர வேண்டும், வரி வாங்கும் கை தங்களிடமும் வாங்க வேண்டும் என்ற அளவுதான். வரி கொடுக்கும் உரிமைக்காக வழக்குப் போடும் மக்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு எழுத்து கிடைத்தது மிஷன் பள்ளியில்தான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையிலிருந்து பஞ்சமி நிலம் பிறந்ததற்குப் பின்னால், ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் நிலத்துக்காகப் போட்ட சண்டை உண்டு. 1980களில் தலித் இறையியல் என்ற சிந்தனையை எழுப்பிய அரவிந்த் நிர்மல் திருச்சபைக்குள் இருந்தவர். ஒரே உலையில் எல்லோருக்கும் சோறு என்பதை வழிபாடாக்கிய பரட்டை தியாப்பிலஸ் அப்பாவு மதுரை இறையியல் கல்லூரி ஆசிரியர். மடத்தை விட்டு வெளியே வந்து பாமா எழுதிய 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. திருச்சபையை மிகக் கூர்மையாகக் கேட்டவர்கள் அதன் பிள்ளைகள்தான். கனடாவிலும் அப்படித்தான்.

அரசு செய்ததையும் ஒரு வரியில் தாண்டிவிட முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் கிடையாது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. ஆயர்கள் இந்தக் கோரிக்கைக்காக டெல்லியில் பேரணி நடத்துகிறார்கள், நாமும் போகிறோம். ஆனால் தலித் கிறிஸ்தவர் படும் தீண்டாமையை அரசுக்கு நிரூபிக்கத் திருச்சபை எடுத்துக்காட்டும் சாட்சியங்களில் பல, திருச்சபையின் சொந்தக் கல்லறைகளில் எடுத்தவை. டெல்லியில் அதைச் சான்றாகக் காட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி அதையே விட்டுவைப்பது எப்படிச் சரியாகும்?

சரி, ஐந்தாவது படி எப்படி இருக்கும்? கனடா அனுபவத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்வது, 'இயன்றவரை' என்ற சொல்லை எங்கேயும் அனுமதிக்கக் கூடாது என்பதுதான். ஒரு மறைமாவட்டம் அல்லது திருமண்டலம் ஒப்புரவு என்று பேசினால் தேதியும் தொகையும் கேட்போம். எந்தக் கல்லறை மதில், எந்த மாதத்துக்குள்? குருமடத்திலும் கல்லூரி நியமனங்களிலும் தலித்துகள் எத்தனை பேர், கணக்கை வெளியிடுவது எப்போது? சபைச் சொத்துகளில் குத்தகை யாருக்குப் போகிறது? மறுக்கும் பங்கில் திருவிழாவை நிறுத்திவைக்க ஆயர் தயாரா? இந்தப் பட்டியலைத் தயாரிப்பது அவர்கள் வேலை அல்ல. நாம் எழுதி நாமே சரிபார்க்க வேண்டும். கனடாவில் 94 கோரிக்கைகளும் சாட்சியம் சொன்னவர்களின் வாயிலிருந்துதான் பிறந்தன.

அதற்கு நம்மிடம் இன்னும் சாட்சியத் தொகுப்பு இல்லை. ராஜநாயக்கனைப் பற்றி ஜெர்மன் மிஷனரிகள் எழுதியது இருக்கிறது. நம் பாட்டிமார் எந்த வரப்பு வழியாகத் தூக்கிப் போகப்பட்டார்கள் என்பது எங்கேயும் இல்லை. மன்றத்தின் மாணவர் குழு இந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. வலங்கைமான், கும்பகோணம், பாபநாசம் பக்கத்துச் சேரிகளில் முதலில் போகிறோம். அடக்கப் பதிவேடு பார்க்கக் கிடைத்தால் பார்ப்போம், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுவோம். கல்லறைக்குப் போகும் பாதையை நடந்து பார்த்துத் தாளில் வரைவோம். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். தோழரின் அம்மா அடக்கமான ஊரின் பாதையை நாம் ஏற்கெனவே வரைந்துவிட்டோம். வாய்க்கால் வரப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதல் தாள் அது.